வரிசையில் ஒன்பதாவது ஆள்

பி.டி. பீரியட் தொடங்கியதும் எங்களை ஒரே வரிசையில் நிற்க வைத்து எண் சொல்லச் சொல்வார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொருவனாகக் கத்திக்கொண்டு வர வேண்டும். வரிசை உருவாகும்போதே என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். எனக்கு முன்னால் எத்தனை பேர்? எட்டுப் பேர் என்றால், ஷூ லேஸ் அவிழ்ந்ததுபோலக் குனிந்து, பின்னால் நிற்பவனை முன்னே விட்டுவிட்டுப் பத்தாவது ஆளாக எழுந்து நிற்பேன். 'ஒன்பது' என்பதை என் வாயால் சொல்லிவிடக் கூடாது. தமிழ்ப் பையன்களிடையே அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இதைப் படிக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேறொருவன் சொன்னால் வரிசை ஒருமுறை சிரித்துவிட்டு அடங்கும். நான் சொன்னால் அன்று முழுக்க ஓடும்.

அந்தச் சொல் உண்மையில் குறிவைப்பது திருநங்கைகளை. நான் திருநங்கை இல்லை. ஆனால் "நான் அது இல்லை, நான் அது இல்லை" என்று வருடக்கணக்கில் ஓடினேனே தவிர, அது எதற்காக ஒரு வசவாக இருக்க வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வெட்கம் இப்போதும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே எழுத மனம் வரவில்லை.

நான் கே. தன்பாலீர்ப்பு என்ற சொல் எனக்குத் தெரிய வருவதற்கு வெகு முன்பே மைதானத்துக்கு அது தெரிந்துவிட்டதுபோல இருந்தது. நான் ஓடும்போது கை எப்படி ஆடுகிறது, பந்து வந்தால் எந்தப் பக்கம் திரும்புகிறேன், விழுந்தால் என்ன சத்தம் போடுகிறேன், இதையெல்லாம் வைத்துப் பையன்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் ஊகித்தது சரிதான். ஊகித்த முறைதான் தவறு. அதே வகுப்பில் என்னைவிட மோசமாக ஆடிய பையன்கள் இன்று மனைவி மக்களோடு இருக்கிறார்கள். எங்கள் பள்ளியிலேயே வேகமாக ஓடிய ஒருவனை 15 வருடம் கழித்து, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு கூட்டத்தில் சந்தித்தேன். அவனும் கே. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தே ஓய்ந்தோம். அவனுக்கு மைதானம் ஒளிந்துகொள்ள நல்ல இடமாக இருந்திருக்கிறது. எனக்கு அங்கேதான் ஒளிய இடமில்லாமல் போனது.

அப்பா என்னைத் திட்டியதில்லை. எனக்கு 11 வயதானபோது ஒரு பேட்டும் பந்தும் வாங்கி வந்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் எனக்குப் பந்து போடுவார். "கண்ணை மூடாதப்பா, பந்தைப் பாரு" என்பார். நான் பந்தைப் பார்க்கவில்லை. பந்து தவறும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது. இந்தப் பிள்ளை வெளியே போய் எப்படிப் பிழைக்கும் என்ற பயம். கோபம் என்றால் தாங்கிக்கொண்டிருப்பேன். பெற்றவர் நம்மை நினைத்துப் பயப்படுவதைப் பார்த்துக்கொண்டே பந்தை அடிப்பது முடியாத காரியம். ஆறேழு மாதத்தில் பேட் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. இருவருக்குமே நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

அணி பிரிப்பது இன்னொரு சடங்கு. நன்றாக ஆடும் இரண்டு பேர் கேப்டன்கள். ஆளுக்கொருவராக மாற்றி மாற்றி எடுப்பார்கள். கடைசியில் நானும் இன்னொரு பையனும் மிஞ்சுவோம். "நீயே வச்சுக்கோடா." "வேணாம், நீயே வச்சுக்கோ." என்னை எடுத்தால் எதிரணிக்கு ஒரு ஓவர் குறைத்துக்கொள்ளலாம் என்றுகூட ஒருமுறை பேரம் நடந்தது. அதன்பின் என்னைக் கொண்டுபோய் எல்லைக்கோட்டில் நிறுத்துவார்கள். பந்து வராது என்று நம்பி நிறுத்தும் இடத்துக்குத்தான் பந்து தேடி வரும். இது எந்த விதியோ தெரியவில்லை.

ஒருநாள் ஸ்கோர் எழுதும் பையன் வரவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்று நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். அன்றோடு என் மைதான வாழ்க்கை மாறியது. ஓடாத பந்துக்குப் புள்ளி. ஓர் ஓவர் முழுக்க ஓட்டமே இல்லை என்றால் ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் 'எம்' என்ற ஆங்கில எழுத்து வரும், அது மெய்டன். அதே ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் கோட்டைத் தலைகீழாக இணைத்து 'டபிள்யூ' ஆக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பேட்டிங் பக்கத்தையும் பவுலிங் பக்கத்தையும் கூட்டி, உதிரி ஓட்டங்களைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பந்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். மைதானத்தில் நான் பார்க்கப்படாமல், மற்றவர்களைப் பார்க்கும் ஒரே இடம் அது. மூன்று வருடம் அந்த நோட்டை விடவில்லை.

கூடவே ஒரு தந்திரமும் கற்றுக்கொண்டேன். கிரிக்கெட் ஆடத் தெரியாவிட்டால் சந்தேகம் வரும், ஆனால் கிரிக்கெட் பேசத் தெரிந்தால் அந்தச் சந்தேகம் பாதியாகிவிடும். எனவே மனப்பாடம் செய்தேன். 1956இல் ஜிம் லேக்கர் ஒரே டெஸ்டில் 90 ஓட்டங்கள் கொடுத்து 19 விக்கெட். 1994இல் லாரா 375. 1999இல் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் 74 ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டும். பிராட்மேனின் சராசரி 99.94. கடைசி இன்னிங்ஸில் 4 ஓட்டம் எடுத்திருந்தால் சரியாக 100, ஆனால் அன்று அவர் எடுத்தது பூஜ்ஜியம். இவையெல்லாம் எனக்கு அடையாள அட்டை மாதிரி. யாராவது என்னை உற்றுப் பார்க்கத் தொடங்கினால் ஒன்றை எடுத்து நீட்டுவேன். "இவனுக்குப் பயங்கரமா தெரியும்டா" என்பார்கள். ஒரு வாரத்துக்குக் கவலையில்லை.

இதில் எனக்கே புரியாமல் போன ஒன்று உண்டு. வேஷத்துக்காகப் படித்தது எப்போது உண்மையான ஆசையாக மாறியது என்று தெரியவில்லை. யாரும் இல்லாதபோதும் நான் ஸ்கோர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மழையால் நின்ற ஆட்டத்துக்குக்கூட வருத்தப்பட்டேன். என்னைத் துரத்தியடித்த ஒன்றின் மேல் எனக்குப் பைத்தியமாக இருந்தது. இதை வெளியே சொன்னால் இரண்டு பக்கமும் அடி விழும்.

தொலைக்காட்சியில் வேறொரு குழப்பம். ஒரு டென்னிஸ் வீரர் சர்வீஸ் போடுவதற்காகப் பந்தை மேலே எறிந்து, உடம்பை வில்லாக வளைத்து நிற்கும் அந்த அரை நொடி. அதைப் பார்க்கும்போது தொண்டை வறண்டுவிடும். அவரைப் போல ஆக வேண்டும் என்ற ஆசையா, இல்லை வேறெதாவதா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன், "என்ன ஷாட்டுடா!" என்று கத்துவான். நானும் கத்துவேன். ஒரே திரையைப் பார்த்து இருவரும் கத்தினாலும் காரணம் ஒன்றல்ல என்பது எனக்கு மட்டும் தெரியும். இப்போது யோசித்தால் அதில் இரண்டு ஆசையும் இருந்தது. ஒன்று இருந்தால் இன்னொன்று பொய் என்று நான்தான் வீணாக அடித்துக்கொண்டேன். இதே குழப்பத்தில் இருக்கும் பையன்கள் யாராவது படித்தால், அதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தம்பி.

இனி சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் நான் நல்லவனாகத் தெரிவேன். அணி பிரிக்கும்போது என்னோடு மிஞ்சும் அந்த இன்னொரு பையன். ஒருநாள் அவன் லட்டு மாதிரி வந்த கேட்சை விட்டான். பந்து மார்பில் பட்டு விழுந்தது. எல்லோரும் சிரிப்பதற்கு முன்பே, ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருந்த நான் அந்த எண்ணைச் சொல்லிக் கத்தினேன். மைதானமே அதிர்ந்து சிரித்தது. கேப்டன் வந்து என் தோளில் தட்டினான். அதுவரை என்னை யாரும் அப்படித் தட்டியதில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. குற்ற உணர்ச்சி மட்டும் காரணமில்லை, அந்தத் தட்டு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதும்தான். அவன் அடுத்த மாதத்திலிருந்து பி.டி. பீரியடில் வயிற்று வலி என்று வகுப்பிலேயே இருக்க ஆரம்பித்தான். இன்று அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டு எழுதியும் விட்டேன். பதில் இல்லை. பதில் தர வேண்டிய கடமை அவனுக்கு இல்லை.

எனக்கு முன்மாதிரி யாராவது இருந்தார்களா என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் ஜஸ்டின் ஃபஷானு 1990இல் தன்னைக் கே என்று அறிவித்தார். 10 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தமான முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். 1998இல், 37 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கே ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படி அறிவித்த அடுத்த ஆண் கால்பந்துக்காரர் ஜேக் டேனியல்ஸ். வருடம் 2022, அவருக்கு வயது 17. நடுவில் 32 வருடம். என் பள்ளிக்கூடம், கல்லூரி, முதல் வேலை, முதல் காதல், அது முறிந்தது, எல்லாமே அந்த இடைவெளிக்குள் முடிந்துவிட்டன. கிரிக்கெட்டில் இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ் 2011 பிப்ரவரியில் சொன்னார். ஆடிக்கொண்டிருக்கும் சர்வதேச ஆண் கிரிக்கெட் வீரர்களில் அவர்தான் முதல் ஆள். அந்தச் செய்தியை அலுவலகக் கணினியில் படித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். அப்போது எனக்கு 25 வயது. இன்னமும் அதே வரிசையில் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பெண்கள் கிரிக்கெட்டைப் பார்த்தால் கதையே வேறு. தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீகெர்க்கும் மரிஸான் கப்பும் ஒரே அணியில் ஆடிக்கொண்டே 2018இல் திருமணம் செய்துகொண்டார்கள். இங்கிலாந்தின் கேத்ரின் பிரன்டும் நாட் சிவரும் 2022இல். அங்கே எல்லாம் சுலபம் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு தோழி சொன்னாள்: "நீ ஆடாததால உன்மேல சந்தேகப்பட்டாங்க. நான் ஆடினதால என்மேல சந்தேகப்பட்டாங்க." லெஸ்பியனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நன்றாக ஓடி ஆடும் பெண் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரும். ஆண் என்றால் ஆட வேண்டும், பெண் என்றால் ஆடக் கூடாது என்ற ஒரே கயிற்றின் இரண்டு முனைகளில் நாங்கள் இருவரும் கட்டப்பட்டிருந்தோம். அவள் அதை அறுத்துக்கொண்டு பந்தடிக்கப் போனாள். நான் நோட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

29 வயதில் ரத்த அழுத்தம் எல்லையைத் தொட்டது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்றார் மருத்துவர். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். ஓடலாம் என்று முடிவு செய்தேன். காரணம் ஒன்றுதான், அதற்கு அணி பிரிக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன் இருட்டில் கிளம்புவேன், யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதல் வாரமே கெடுத்துக்கொண்டேன். யாரோ துரத்துவதுபோல ஓடியதில் காலின் முன்னெலும்பு வலித்து இரண்டு வாரம் படுத்தியது. அப்புறம்தான் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் ஆரம்பத்தில் சரியான வேகம். மூச்சு வாங்கி இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் வேகம் அதிகம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இதையே மாற்றி மாற்றி. வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஒருநாள் ஓய்வு. இப்படிப் போனால் இரண்டு மூன்று மாதத்தில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட வந்துவிடும். எனக்கு நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில், நான் ஓடும்போது என் கை எப்படி ஆடுகிறது என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அதை நான் மறந்தது அப்போதுதான். எப்போது மறந்தேன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்கும் மைதானம் என்றால் வயிற்றைக் கலக்கும் என்றால், ஆள் பார்க்காத ஒன்றில் தொடங்குங்கள். ஓட்டம், நீச்சல், சைக்கிள், வீட்டுக்குள் யோகா, எதுவானாலும் சரி. பயத்தை உடனே வென்று காட்ட வேண்டியதில்லை. முதலில் உடம்பு நம் பக்கம் வரட்டும். உடை மாற்றும் அறை பயமாக இருந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொண்டு போங்கள், வந்து வீட்டிலேயே குளியுங்கள். நான் ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தால், அவரவர் தன் தொப்பையை மறைக்கும் கவலையில் இருந்தார்கள். நான் எங்கே பார்க்கிறேன் என்று யாருக்கும் அக்கறை இல்லை.

31 வயதில் எறியக் கற்றுக்கொண்டேன். ஆம், கற்றுக்கொண்டேன். எறிவது ஆணுக்குப் பிறப்பிலேயே வருவது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அந்தத் தோழிதான் உடைத்தாள். "உன்னைக் கிண்டல் பண்ணவனை இடது கையால எறியச் சொல்லு, பார்க்கலாம்." செய்து பாருங்கள், வலது கைக்காரர் இடது கையால் எறிந்தால் அச்சு அசலாக 'பொம்பளை எறிவது' என்று கேலி செய்யும் அதே எறிதான் வரும். பழக்கம் இல்லாத கை, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து ஆயிரக்கணக்கில் கல்லெறிந்த பையனுக்கும் எறிய வாய்ப்பே கிடைக்காத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஆண் பெண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முறை இதுதான். வலது கையால் எறிபவர் இலக்குக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், இடது தோள் இலக்கைப் பார்த்தபடி. இடது காலை முன்னே வைக்க வேண்டும். நான் 20 வருடமாக வலது காலை வைத்துக்கொண்டிருந்தேன். முழங்கை தோள் உயரத்துக்கு வர வேண்டும். முதலில் இடுப்பு திரும்பும், பின்னால் தோள், கடைசியில்தான் கை. வெறும் கையால் எறிந்தால் பந்து பத்தடியில் விழும், இடுப்பிலிருந்து எறிந்தால் பறக்கும். பிடிப்பதற்குச் சுவர்தான் சிறந்த குரு. ஒரு டென்னிஸ் பந்து, ஒரு சுவர், தினமும் பத்து நிமிடம். பந்து கையில் படும் நேரத்தில் கையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் துள்ளி வெளியே போகாது. சுவர் சிரிக்காது, யாரையும் கூப்பிட்டுக் காட்டாது. மூன்றாவது வாரம் ஒரு பந்தைக் கண்ணைத் திறந்தபடி பிடித்தேன். கண்ணைத் திறந்திருந்தேன் என்பது பிடித்த பிறகுதான் தெரிந்தது. உடனே அப்பாவுக்குப் போன் செய்தேன். எதற்குச் செய்தேன் என்று தெரியாமல் சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

இதற்குள் எனக்குக் கே நண்பர்கள் கிடைத்திருந்தார்கள். அங்கேயும் ஒரு கூத்து. ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாமா என்று கேட்டால், "மேட்ச் இருக்கு" என்று நான் சொல்ல முடியாது. "கிரிக்கெட்டா? அப்புறம் நீ என்னடா கே?" என்று கலாய்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மைதானம் என்றால் பழைய காயம், அதனால் சிரிப்பாக மாற்றிக்கொண்டார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் 15 வயதில் கிரிக்கெட் பிடிப்பதாக நடித்து மறைந்துகொண்டவன், 30 வயதில் பிடிக்காததாக நடிக்க வேண்டி வந்தது எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு கட்டத்தில் நடிப்பதை விட்டேன். அதில் இரண்டு பேர் ரகசியமாக வந்து ஸ்கோர் கேட்டார்கள்.

பிறகு அலுவலக நண்பர்களின் வார இறுதி அணி. டென்னிஸ் பந்து கிரிக்கெட். சேர்வதற்கு முன் இரண்டு வாரம் வெறுமனே போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். ஓர் அணி எப்படிப்பட்டது என்று அவர்கள் ஜெயிக்கும்போது தெரியாது. ஒருவன் கேட்ச் விட்டதும் அடுத்த பத்து நொடி என்ன நடக்கிறது என்று பாருங்கள். திட்டிவிட்டு மறந்துவிட்டால் சரி. மூன்று ஓவர் கழித்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் வேறு அணி பாருங்கள். புதிதாக வந்தவனுக்கு ஓர் ஓவராவது பந்து தருகிறார்களா என்பதும் முக்கியம்.

இந்த அணியில் அந்தச் சொல் இருந்தது. மோசமாக ஆடினால் உடனே வரும். கெட்ட மனிதர்கள் இல்லை, வாய்ப் பழக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் என் தோள் இறுகும், அடுத்த பந்தை விடுவேன். ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு ஒருவரிடம் மட்டும் சொன்னேன். கேப்டனிடம் இல்லை, அணியிலேயே மூத்தவர், எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் ஆளிடம். "அண்ணே, நான் கே. அந்த வார்த்தை என்னைப் போட்டுப் பார்க்குது" என்று ஒரே மூச்சில். அவர் ஒன்றும் சொல்லாமல் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் ஒருவன் அந்தச் சொல்லைச் சொன்னபோது, "டேய், அது இனிமே வேணாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. பிரசங்கமும் செய்யவில்லை. ஒரு மாதத்தில் குறைந்தது, மூன்று மாதத்தில் நின்றே விட்டது. நானே சொல்லியிருந்தால் "சும்மா ஜாலிக்குத்தானே" என்று அதையே இன்னொரு கிண்டலாக்கியிருப்பார்கள். அடிபடுபவன் சொல்வதைவிடப் பக்கத்தில் நிற்பவர் சொன்னால் எடுபடுகிறது. நியாயமில்லைதான், ஆனால் அப்படித்தான் நடக்கிறது. நீங்கள் அந்தப் பக்கத்தில் நிற்பவர் என்றால், மூன்றே வார்த்தை போதும்.

எல்லோரும் இப்படிச் சொல்லியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் இருக்கும் வீடும் வேலையும் அந்த ஆட்களின் கையில் இருந்தால், முதலில் அதைப் பாருங்கள். விளையாடுவதற்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்ல நிறைய இல்லை. அணியைக் கேப்டன்கள் எடுக்க விடாதீர்கள், ஒன்று இரண்டு ஒன்று இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் அரை நிமிடத்தில் வேலை முடியும். "பொண்ணுங்களோட போய் ஆடு" என்பதைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள், அதில் இரண்டு தரப்புக்கும் அவமானம். குறிப்பிட்ட ஒரே கிழமையில் பிள்ளைக்கு வயிறு வலித்தால் மருந்துக்கு முன் அன்றைய கால அட்டவணையைப் பாருங்கள். எத்தனை ரன் அடித்தாய் என்று கேட்காமல், இன்று எது ஜாலியாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 1982இல் எங்களைப் போன்றவர்களுக்கான விளையாட்டு விழா, முதல் கே கேம்ஸ் நடந்தது. தொடங்கியவர் டாம் வாடெல், 1968 ஒலிம்பிக்கில் டெகத்லான் என்ற பத்துப் போட்டித் தடகளத்தில் ஆறாம் இடம் பிடித்தவர். ஒலிம்பிக்ஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்ததால்தான் அந்தப் பெயர். அதில் எனக்குப் பிடித்தது, கலந்துகொள்ளத் தகுதிச் சுற்று இல்லை. நன்றாக ஆடத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. உலக அளவில் ஆறாவதாக வந்த ஒரு மனிதர், கடைசியாக மிஞ்சும் ஆளையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

இன்னொருவர் கதையை எங்கள் அணியிலேயே சொன்னேன். 1977 அக்டோபர் 2 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் டஸ்டி பேக்கர் அந்தப் பருவத்தின் 30ஆவது ஹோம் ரன்னை அடித்துவிட்டு வந்தார். எதிரே நின்ற கிளென் பர்க் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். பேக்கரும் கையைத் தூக்கி அதில் தட்டினார். ஹை-ஃபைவ் பிறந்தது அங்கேதான் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பர்க் கே. அடுத்த வருடமே வேறு அணிக்கு மாற்றப்பட்டார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்குப் பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. "அப்ப நாம விக்கெட் விழும்போதெல்லாம் தட்டறது..." என்று ஒருவன் இழுத்தான். "ஆமா, அதுவேதான்" என்றேன். கையைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். அடுத்த விக்கெட்டுக்கு முதலில் ஓடி வந்து தட்டியவனும் அவன்தான்.

போன மாதம் அணிக்குப் புது ஜெர்சி அடித்தோம். யாருக்கு எந்த எண் வேண்டும் என்று குழுவில் கேட்டார்கள். கால்பந்தில் 9 என்றால் கோல் அடிப்பவரின் சட்டை. அந்த எண்ணை வாங்கிப் போட்டுக்கொண்டு வரிசையில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. இரண்டு நாள் யோசித்து, டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்து அனுப்பினேன். அதற்குள் அண்ணன் எடுத்துக்கொண்டார். அவருடைய மகள் பிறந்த தேதியாம்.

எனக்கு 23. சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது.